இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

ஹியுமா தீவுக்குப் போகும் கடல்
பிப்ரவரியில் சாலையாகிவிட்டது.
ஓரமெல்லாம் நட்டுவைத்த ஜூனிப்பர் கிளைகள்.
சீட்பெல்ட் போடாதே என்று ஒரு பலகை.
கதவைச் சட்டென்று திறக்கும்படி வை என்று இன்னொன்று.
இருபத்தைந்துக்குக் கீழே போ, இல்லை நாற்பதுக்கு மேலே போ;
நடுவில் போனால் பனிக்கு அடியில் அலை எழும்பி
உன்கூடவே ஓடிவரும்.

நான் வந்தது வலைப்பக்கத்தைப் பார்க்க.
வாசல் குடிலில் ட்ரீனுவின் திரை
காலையிலிருந்து வெள்ளை.
"வெளியேயும் வெள்ளை, உள்ளேயும் வெள்ளை,
இதற்கு எதற்கு மின்சாரம்?" என்கிறாள்
கையுறையைப் பல்லால் கழற்றியபடி.

பக்கம் திறந்ததும் நான்கு கேள்விகள் கிளம்பும்,
ஒன்றுக்காக ஒன்று நிற்காமல்:
பனி எத்தனை சென்டிமீட்டர்?
காற்று எந்தப் பக்கம்?
சாலையில் எத்தனை வண்டி?
மாலைக் கப்பல் உண்டா?
போகும்போது ஆளுக்கொரு காலி உறையைத்
தந்துவிட்டுப் போகும்.
உள்ளே பதில் இல்லை. வரும் என்ற சொல் மட்டும்.

நாலு பேரும் வந்தால்தான் பந்தி என்று
அக்டோபரில் எழுதியவள் நானே.
அக்டோபரில் எதுவும் உறைவதில்லை.

இன்று காற்றுமானி உறைந்துபோய்
இல்லை என்றது.
அந்த ஓர் இல்லைக்கு
மொத்த இலையையும் சுருட்டிவிட்டது என் நிரல்.
ஐம்பத்திரண்டு என்று ஒழுங்காகச் சொன்ன பனி
கேட்பாரற்று நின்றது.
வாசலில் தபால் வேன்காரர் இரண்டாம் முறை ஹாரன் அடித்தார்.

'எல்லோரும் வரட்டும்' என்பதை அழித்தேன்.
'எல்லோரும் ஒரு முடிவு சொல்லட்டும்' என்று எழுதினேன்.
வந்தவர்க்கு இலை;
வராதவர் இடத்தில் ஒரு சின்னக் கோடு.
பனி வந்தது. வண்டிக் கணக்கு வந்தது. காற்றுக்குக் கோடு.

கப்பல்தான்
ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இல்லையைத் தாங்கிக்கொள்ளலாம்.
இதை என்ன செய்வது?
அதனோடு ஒரு கடிகாரத்தை ஓடவிட்டேன், எட்டு நொடிக்கு;
எது முந்துகிறதோ அது பதில்.
கடிகாரம் முந்தியது.

அந்த நேரம் முழுக்க
ட்ரீனு தன் நோட்டில் குனிந்திருந்தாள்.
மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி, எண், புறப்பட்ட நேரம்.
அக்கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் ராய்வோ சொல்லச் சொல்ல
ஒரு டிக்.
பதினைந்து வந்தாச்சு. பதினேழு வந்தாச்சு.
பதினாறு?
ராய்வோ பேசவில்லை. கொரகொர என்றது பெட்டி.
அவள் தடையை இறக்கினாள்.
"போய்ச் சேர்ந்தாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி,
ஏதாவது ஒரு கரை ஏறட்டும்."
எனக்கல்ல, ஜன்னலுக்குச் சொன்னாள்.

இருபது நிமிடம் கழித்து
பதினாறு இந்தப் பக்கமே வந்தது.
பின்சீட்டில் நாய் வாந்தி எடுத்துவிட்டதாம்.
டிக் போடாமல் ஒரு வளைவு போட்டு
வரியை மூடினாள்; தடையை ஏற்றினாள்.

இன்னொன்றும் இருந்தது:
காலை ஒன்பது மணிக்கு அனுப்பிய பனிக் கேள்விக்கு
ஒன்றரைக்குப் பதில் வந்து
புது எண்ணின் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.
கேள்விகளுக்கு வரிசை எண் கொடுத்தேன்.
பழைய எண்ணோடு வருபவரை
உள்ளே விடுவதில்லை இனி,
உண்மையே சொன்னாலும்.

காற்றுமானி அக்கரையில், ஒரு கம்பத்தின் உச்சியில்.
அதற்கு வெந்நீர் வேண்டும்; நிரல் போதாது.
ஃபிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு காரில் ஏறினேன்.
ட்ரீனு என் எண்ணை எழுதினாள். இருபத்துமூன்று. 2:41.

பாதி வழியில் முள் முப்பதைத் தொட்டது.
காலைத் தளர்த்தினேன்.
இருபத்தெட்டு. இருபத்தாறு.
பின்னால் கரை தெரியவில்லை, முன்னாலும்.
குடிலில் ஒரு வரி
இன்னும் திறந்திருக்கிறது.